ஒரே நேரத்தில் இரண்டு வாட்: நிற்க ஆள் இல்லாத வீட்டில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

படலையடி | ஞாயிறு, இரவு 10.40

சிறுவர் வாட்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தபடி எழுதுகிறேன். போனில் சார்ஜ் 31 வீதம்தான் இருக்கிறது, அதனால் எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கோண்டாவில் பக்கம். கணவர் கட்டாரில். வீட்டில் நான், மகன் (11 வயது), மகள் (6 வயது), மாமா (74 வயது). மாமி இறந்து நான்கு வருடம்.

செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தோம், பிளேட்லெட் 142,000. அடுத்த நாள் 86,000. டெங்கு என்று வெள்ளிக்கிழமையே வாட்டில் போட்டுவிட்டார்கள். நேற்றுப் பின்னேரம் காய்ச்சல் விட்டது. எனக்குச் சந்தோஷம். ஆனால் டொக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இனித்தான் கவனமாய்ப் பார்க்க வேணும் அம்மா, லீக் பண்ணத் தொடங்கியிருக்கு" என்றார். அதிலிருந்து மணிக்கொரு தரம் நாடி, பிறசர். பிள்ளை குடிக்கிற ஒவ்வொரு மிடறையும், போகிற சலத்தையும் அளந்து தாளில் எழுத வேண்டும். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்று விடிய 4.40க்கு மகன் போன் எடுத்தான். "அம்மா, அப்பப்பா எழும்புறார் இல்லை. வாயிலயிருந்து எச்சில் வடியுது."

எனக்குப் பாரிசவாதம் என்றுதான் பட்டது. நான் நான்கு கிலோமீற்றர் தள்ளி, கையில் 60 மில்லிலீற்றர் ஜீவனியோடு நிற்கிறேன். மகளை விட்டுவிட்டு ஓட முடியாது. மகனிடம் "1990 அம்புலன்ஸுக்கு அடி, பிறகு முன்வீட்டு அக்காவின் படலையைத் தட்டு" என்று மட்டும் சொன்னேன். அவன் அடித்திருக்கிறான். எங்கே வர வேண்டும் என்று கேட்டதற்கு "பிள்ளையார் கோயிலடி" என்றானாம். யாழ்ப்பாணத்தில் எந்தப் பிள்ளையார் கோயிலடி என்று அவர்கள் கேட்க, பிள்ளை அழத் தொடங்கிவிட்டான். முன்வீட்டு அக்கா போனை வாங்கிச் சந்தியையும் பள்ளிக்கூடத்தையும் சொல்லியிருக்கிறா.

அம்புலன்ஸில் வந்த பெடியன் முதல் வேலையாக மாமாவின் விரலில் குத்திச் சீனி பார்த்தானாம். 38. மாமா பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடிக்கிறார். இரண்டு நேரமும் சீனிக் குளிசை, ஒரு நேரம்தான் சாப்பாடு. நேற்று நான் வீட்டில் இல்லாததால் அந்த ஒரு நேரமும் இல்லை. கதை படிப்பு முடிந்து வந்து, வெறுந்தேத்தண்ணி குடித்து, குளிசையையும் போட்டுப் படுத்திருக்கிறார்.

கையில் ஊசி ஏற்றிக் கண் திறந்துவிட்டார். இப்போது இதே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வாட்டில் இருக்கிறார். சீனி திரும்பவும் இறங்கலாம் என்று துண்டு வெட்டி வீட்டுக்கு விடவில்லை. இரவில் நிற்க ஓர் ஆள் வேண்டும், அதுவும் ஆணாக வேண்டும் என்கிறார்கள். இன்று முன்வீட்டு அக்காவின் மகன் நிற்கிறான். நாளைக்கு அவனுக்கு வேலை.

டெங்கு பற்றி அறிவுரை கேட்டு இதை எழுதவில்லை. அதற்கு டொக்டர்மார் இருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு வாட்டில் எப்படி நிற்பது? உங்கள் வீடுகளில் இப்படி வந்தபோது என்ன செய்தீர்கள்?

---

நேர்கதை | ஞாயிறு, இரவு 11.05

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காசு இருந்தால் இரண்டு பேரையும் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள். ஒரே அறை எடுக்கலாம், நீங்களும் படுக்கலாம். ஆண் பெண் என்ற சட்டம் அங்கே இல்லை. கட்டாரில் இருப்பவர் உழைப்பது இதற்குத்தானே?

இன்னொன்று, பப்பாசி இலைச் சாறு கொடுங்கள். என் மச்சானின் பிள்ளைக்கு இரண்டு நாளில் பிளேட்லெட் ஏறியது.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | ஞாயிறு, இரவு 11.31

பிள்ளை படலையடி, முதலில் மகளை மாற்ற வேண்டாம். லீக் பண்ணுகிற நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது. அந்த 24 இலிருந்து 48 மணித்தியாலம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். குறைய ஏற்றினால் பிறசர் விழும், கூட ஏற்றினால் நெஞ்சுக்குள் நீர் கோர்க்கும். அதனால்தான் உங்களிடம் அளக்கச் சொல்கிறார்கள். உங்கள் கையில் இருக்கிற அந்தத் தாள் சேலைன் போத்தலுக்குச் சமம். அதை ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நேர்கதை தம்பி, பப்பாசி இலைச் சாற்றால் பிளேட்லெட் ஏறியது என்பீர்கள். லீக் நின்றால் அது தானாகவே ஏறும். வாட்டில் நான் பார்த்தது என்னவென்றால், அந்தக் கசப்பைக் குடித்துப் பிள்ளை சத்தி எடுக்கும். பிறகு எடுத்தது சாறா, இரத்தமா என்று நாங்கள் குழம்புவோம். சிவப்பு, கபிலம், கறுப்பு நிறத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். நெக்டோ வாங்கிக்கொண்டு நோயாளி பார்க்க வருகிற சொந்தக்காரரைப் படலையிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மாமாவின் விஷயம். சீனி குறைந்தவரைப் பாரிசவாதம் என்று நினைப்பது உங்கள் பிழை இல்லை. வாய் கோணும், கதை குழறும், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நினைவு இருந்தால், விழுங்கக் கூடியவராக இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு இல்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, சரித்துப் படுக்க வைக்க வேண்டும். உங்கள் மகன் ஒன்றும் ஊற்றவில்லையே? கெட்டிக்காரன்.

ஆனால் உங்கள் கேள்வி இதுவல்ல என்று தெரியும். அதற்கு நாளைக்கு எழுதுகிறேன், கண் பிடிக்குதில்லை.

---

சைக்கிள்காரன் | திங்கள், காலை 5.50

அக்கா, விடிய எழும்பி வாசித்தேன். மூன்று வருடத்துக்கு முதல் எனக்கும் இப்படி ஓர் இரவு.

மனைவி வேலைப் பயிற்சிக்குக் கொழும்பு போயிருந்தா. மகனுக்கு அப்போது இரண்டு வயது. பின்னேரம் இலேசாகக் காய்ச்சல் இருந்தது, இரவு 9 மணிக்கு மடியில் வைத்திருக்கும்போதே வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகிவிட்டது. என் அம்மா ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தா. பக்கத்து வீட்டு ஐயா பல்லுக்கு இடையில் கரண்டி வைக்கப் போனார். பால்பல்லின் நுனி உடைந்ததுதான் மிச்சம். எனக்கு அது நாலு மணித்தியாலம் மாதிரி இருந்தது. பிறகு அம்மா சொன்னா, சுவாமி அறையில் கொளுத்திய கற்பூரம் அணைய முன்னமே நின்றுவிட்டது என்று.

ஆஸ்பத்திரியில் டொக்டர் திட்டவில்லை. அடுத்த முறை வந்தால் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஒன்றும் வைக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் கொண்டு வாருங்கள் என்றார். காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு வருவதாம், வளர வளர விட்டுவிடுமாம். மணிக்கூட்டைப் பார் என்ற அந்தச் சொல்தான் எனக்கு மருந்து. அடுத்த முறை வந்தபோது நான் முள்ளைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கை நடுங்கியது, ஆனால் கை செய்ய ஒரு வேலை இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் முறை நான் வாட்டில் நிற்க முடியவில்லை. தாய்மாரைத்தான் விடுவோம் என்றார்கள். பிள்ளைக்கு அம்மா கொழும்பில், அப்பா வாசலில். அப்பம்மா உள்ளே போனா. நான் விடியும்வரை வெளியே சைக்கிள் தரிப்பிடத்தில் இருந்தேன். சட்டம் சரிதான், பக்கத்துக் கட்டில்களில் பால் கொடுக்கிற தாய்மார் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த இரவு சுட்டது இன்னும் ஆறவில்லை.

---

குறிகட்டுவான் கடைசி பஸ் | திங்கள், காலை 8.15

நான் நெடுந்தீவு. தங்கச்சி, நான்கு கிலோமீற்றர் தள்ளி நிற்கிறேன் என்று நீங்கள் எழுதியதை வாசித்து ஒரு பெருமூச்சு வந்தது. குறை சொல்லவில்லை, உங்கள் நிலை உங்களுக்கு.

எங்களுக்கு அம்புலன்ஸ் என்றால் முதலில் கடல். இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, டொக்டர் இருக்கிறார். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தால் குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டி நகரத்துக்கு இன்னொரு ஓட்டம். இரவு என்றால் கடற்படைப் படகு. வாடைக்காற்று அடிக்கிற மார்கழியில் அலை எழும்பினால் நோயாளியோடு கூடப் போகிறவரும் நோயாளிதான்.

என் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தின்போது இரத்தப்போக்கு. மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது. இறங்குதுறையில் நிற்கிறேன், ஒரு கையில் மூத்தவள். படகில் ஒருவர்தான் கூட ஏறலாம் என்றார்கள். பின்னால் நின்ற மீன்காரப் பெண், பேரும் தெரியாது, "தாங்கோ தம்பி, நான் வைச்சிருக்கிறன்" என்று பிள்ளையை வாங்கினா. நான் ஏறிவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வந்தேன். மூத்தவள் அந்த வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள், என்னைக் கண்டதும் அழவும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது இதுதான். நிறைமாதம் நெருங்கினால் நெடுந்தீவில் பலர் செய்வதுபோல ஒரு கிழமை முன்னமே நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கிறோம். மூத்தவர்களுக்கும் அப்படித்தான். நோய் வந்த பிறகு கடலைக் கடப்பதைவிட வர முதலே கடப்பது லேசு.

---

ரொறன்ரோ மருமகன் | திங்கள், காலை 9.20

இங்கே இன்னும் ஞாயிறு இரவு. வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் செய்கிற அநியாயம் ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மா போன வருடம் விழுந்து இடுப்பு உடைந்தபோது யாழ்ப்பாணத்தில் அக்கா மட்டும்தான். முதல் நாளே அவவுக்கு 17 போன். லண்டனிலிருந்து, பாரிஸிலிருந்து, இங்கிருந்து. எல்லோருக்கும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், சொல்லும்போது அழ வேண்டும், அழுதால் இவர்கள் அழுவார்கள், அவ தேற்ற வேண்டும். மூன்றாம் நாள் அக்கா போனை நிறுத்திவிட்டு மூலையில் இருந்து சாப்பிடாமல் கிடந்தா. இங்கே நாங்கள் "போனும் எடுக்கிறாள் இல்லை, என்ன திமிர்" என்று கதைத்தோம். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. அக்கா ஒரு நாளைக்கு ஒரு தரம், இரவு 8 மணிக்கு, எனக்கு மட்டும் இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புவா. மிச்சப்பேருக்குச் சொல்வது என் வேலை. யார் அக்காவுக்கு நேரே எடுத்தாலும் நான் சண்டை. உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள். கட்டாரிலிருந்து அவர் வாட்டில் நிற்க முடியாது, ஆனால் போனில் நிற்கலாம்.

---

நேர்கதை | திங்கள், காலை 10.02

மிஸ்ஸி அக்கா, பப்பாசி விஷயத்தில் சரி, வாயை மூடிக்கொள்கிறேன். தனியாரைப் பற்றி நான் சொன்னது என் அனுபவம்.

---

சைக்கிள்காரன் | திங்கள், காலை 10.20

என் அனுபவம் வேறு, அண்ணை. சின்னம்மாவுக்கு டெங்கு என்று ஒரு தனியார் இடத்துக்குப் போனோம். பேர் வேண்டாம். அறை நல்லது, ஏசி, ரீவி. இரண்டாம் நாள் இரவு பிறசர் விழுந்ததும் "எங்களால் வைத்திருக்க ஏலாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார்கள். முதலில் பில்லைக் கட்டச் சொன்னார்கள். நள்ளிரவில் காசு தேடி மோட்டார் சைக்கிளில் மூன்று வீடு ஏறினேன். கடைசியில் ஒரு சதமும் வாங்காத இடத்தில்தான் சின்னம்மா பிழைத்தா. எல்லாத் தனியாரும் இப்படி என்று சொல்லவில்லை. சிறிய வருத்தத்துக்கு அறை நல்லது. ஆபத்தான இரவில் எங்கே இரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிறதோ அங்கே நிலத்தில் படுக்கலாம்.

---

பழைய வாத்தியார் | திங்கள், பகல் 12.45

1990 என்றால் எங்கள் வயதுக்காரருக்கு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போன வருடம். பேரனிடம் சொன்னால் "இல்லை அப்பப்பா, அது அம்புலன்ஸ் நம்பர்" என்கிறான். அந்தச் சேவை 2018 ஆடியில் வடக்குக்கு வந்தபோது நான் நம்பவே இல்லை. இலவசமாக, கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கு வருமாம் என்றால் யார் நம்புவது? 1992 இல் என் மூத்தவனுக்கு முட்டு வந்து மூச்சு விட ஏலாமல் போனபோது நானும் தம்பியும் மாறி மாறிச் சைக்கிள் உழக்கினோம். பாரில் பிள்ளை, காரியரில் மனைவி. முன்னால் ஒருவர் ஜாம் போத்தல் விளக்கோடு ஓடினார். வழியில் இரண்டு வீட்டில் நின்று சுடுதண்ணி ஆவி பிடிக்கவைத்துத்தான் போய்ச் சேர்ந்தோம்.

பழங்கதை போதும். ஒன்றைக் கவனித்தேன். அந்த நாளில் நிற்க ஆள் இல்லை என்று நாங்கள் சொன்னதே இல்லை. ஆள்தான் இருந்தது, மருந்துதான் இல்லை. இப்போது மருந்து இருக்கிறது, ஒழுங்கையில் மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் எல்லாம் வெளியே. அதனால் சொந்தத்தை நம்பி இருக்காதே பிள்ளை. சொந்தம் திருவிழாவுக்கு வரும், வாட்டுக்கு வராது.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், பின்னேரம் 4.10

வாத்தியார் ஐயாவோடு இந்த இடத்தில் நான் ஒத்துப்போகமாட்டேன். முப்பது வருடம் வாட்டில் நின்றவள் சொல்கிறேன், சொந்தம் வராமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் நாங்கள் கேட்கிற விதம்.

வாட்டில் தாய்மார் போனில் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். "ஆராவது வந்தா நல்லம்... உங்களுக்குக் கஷ்டம் எண்டா வேண்டாம்..." என்பார்கள். மறுபக்கத்தில் இருப்பவர் "ஓம் ஓம் பார்ப்பம்" என்பார். வரமாட்டார். ஆராவது என்றால் ஆரும் இல்லை. அதையே "அண்ணா, செவ்வாய் இரவு 8 மணியிலிருந்து விடிய 6 மணிவரை மாமாவோட நிக்க வேணும், ஏலுமோ?" என்று கேட்டுப்பாருங்கள். ஏலாது என்றால் அவருக்கே சங்கடம், புதன் வருகிறேன் என்று தானே சொல்வார். உதவி கேட்காதீர்கள் பிள்ளை, மணித்தியாலம் கேளுங்கள்.

நிற்க ஏலாதவருக்கும் வேலை உண்டு. என் அனுபவத்தில் வாட்டில் நிற்பதைவிடக் கஷ்டமான வேலை வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளையைப் பார்ப்பது. அதற்கு ஆள் எடுங்கள். மகன் இன்று எங்கே படுக்கிறான்?

பிறகு, ஆண்கள் வாட் பிரச்சினை. இரவு கடமையில் இருக்கிற மிஸ்ஸிடம் நேரே போய், மேலே பிள்ளை டெங்குவோடு கிடக்கிறது, ஆண் துணை கட்டாரில், என்று இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். அழுதுகொண்டு ஐந்து நிமிடக் கதையாகச் சொல்ல வேண்டாம், அவவுக்கு நாற்பது நோயாளிகள். நினைவு தெளிந்து, தானாக எழும்பி நடக்கிறவருக்கு இரவு ஆள் கட்டாயம் இல்லை என்று விட்டுவிடக் கூடும். சீனி பார்ப்பது எப்படியும் அவர்களுடைய வேலை.

---

படலையடி | திங்கள், இரவு 9.30

எல்லோருக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுத முடியவில்லை, கோபிக்காதீர்கள்.

முதலில் மகள். லீக் நின்றுவிட்டது என்று மத்தியானம் ஸ்கான் பார்த்துச் சொன்னார்கள். சேலைனைக் கழற்றிவிட்டார்கள். அந்தத் தாளில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் கையெழுத்து நண்டு ஓடினதுபோல இருக்கிறது. விடிய 4.40க்கு நேரே உள்ள கட்டத்தில் "60" என்று எழுதி அதற்கு மேல் பேனை ஒரு கோடு இழுத்திருக்கிறது. மகன் போன் எடுத்த நேரம். மிஸ் அதைப் பார்த்து "இது 60ஓ 160ஓ?" என்று இரண்டு தரம் கேட்டா.

மிஸ்ஸி அக்கா, நீங்கள் கேட்ட கேள்வி குத்தியது. மகன் எங்கே படுக்கிறான் என்று எனக்கு அந்த நேரம் தெரியாது. முன்வீட்டில் என்று நினைத்தேன். எடுத்துக் கேட்டால் தனியே எங்கள் வீட்டில் இருந்திருக்கிறான். "அப்பப்பாட கட்டில விரிச்சு வைக்க வேணும்" என்றான். நேற்று முழுக்க யாரும் அவனோடு இரண்டு சொல் கதைக்கவில்லை. மாமாவை ஏற்றிக்கொண்டு போகும்போது "பின்னால ஓட்டோவில வா" என்றுகூட யாரும் சொல்லவில்லையாம். அம்புலன்ஸ் போன பிறகு படலையைப் பூட்டிவிட்டு, அப்பப்பா சத்தி எடுத்த துவாயைக் கிணற்றடியில் தோய்த்துப் போட்டிருக்கிறான். இப்போது என் தங்கச்சி வந்து அவனோடு நிற்கிறாள். அவளிடம் நான் கேட்டது: "திங்களிலிருந்து வியாழன்வரை, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து விடியும்வரை." உடனே ஓம் என்றாள். முந்தி எத்தனை தரம் "நேரம் கிடைச்சா வா" என்று சொல்லியிருப்பேன்!

கணவரின் மச்சான் நாளை இரவு மாமாவோடு. புதன் இரவு கணவரோடு படித்த ஒருவர், எனக்கு முகம்கூடத் தெரியாது, திருநெல்வேலியில் கடை வைத்திருக்கிறாராம். கட்டாரிலிருந்து இவர்தான் ஒவ்வொருவராக எடுத்து நேரம் போட்டிருக்கிறார். ரொறன்ரோ தம்பி, உங்களுக்குத்தான் நன்றி. இன்று எனக்கு வந்த போன் மூன்றே மூன்று.

---

நேர்கதை | திங்கள், இரவு 9.52

11 வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு பொறுப்பைக் கொடுத்தது சரியா என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. அவனுக்கு இது மனதில் நிற்காதா?

---

குறிகட்டுவான் கடைசி பஸ் | திங்கள், இரவு 10.15

கொடுத்தார்களா தம்பி? வந்து விழுந்தது. இனிச் செய்யக் கூடியது என்னவென்றால் அடுத்த முறை "பிள்ளையார் கோயிலடி" என்று சொல்லாமல் இருக்கப் பழக்குவதுதான். போன் எடுக்கிறவர் கொழும்புப் பக்கம் இருக்கிறார், தமிழ் கதைப்பார், ஆனால் எங்கள் ஒழுங்கை தெரியாது. பெரிய வீதியின் பேர், சந்தி, பக்கத்தில் பள்ளிக்கூடம், ஒழுங்கை வாசலில் டோர்ச்சோடு ஓர் ஆள். இதை ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு விலாசமே மறக்கும். எனக்கு இறங்குதுறையில் மனைவியின் வயது மறந்துபோனது.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், இரவு 10.40

மனதில் நிற்கும், நேர்கதை. நிற்கத்தான் செய்யும். அதனால் அவனிடம் அதைப் பற்றிக் கதைக்க வேண்டும், "அதையெல்லாம் மறந்திடு" என்று சொல்லக் கூடாது. அப்பப்பாவுக்கு என்ன நடந்தது, சீனி ஏன் குறைந்தது, அவன் செய்ததில் எது சரி என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். முடிந்தால் மாமாவின் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

மாமாவின் விரதம் என்ன ஆகிறது? சீனிக் குளிசை போடுகிறவர் டொக்டரிடம் கேட்காமல் விரதம் பிடிக்கக் கூடாது. பிடிக்கத்தான் வேண்டும் என்றால் குளிசையின் அளவையும் நேரத்தையும் டொக்டர் மாற்றித் தர வேண்டும். கந்தசஷ்டியிலும் பெருங்கதையிலும் வாட்டுக்கு இப்படி வருகிறவர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

---

படலையடி | வியாழன், இரவு 8.05

இரண்டு பேருக்கும் துண்டு வெட்டியாயிற்று. மகள் நேற்று, மாமா இன்று. வீட்டில் இருந்து எழுதுகிறேன், கதிரையில். கதிரை இவ்வளவு சுகம் என்று தெரியாது.

மகனிடம் மாமாவே கதைத்தார். நான் குசினியில் நின்று கேட்டேன். "நீ எனக்கு வாயில தண்ணி ஊத்தாதது நல்லது, ஊத்தியிருந்தா மூச்சுக்குள்ள போயிருக்குமாம்" என்றார். அவன் "ஊத்தத்தான் போனனான், கை நடுங்கித் தம்ளர் விழுந்திட்டுது" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மட்டை எழுதி ஒட்டியாயிற்று. மகள் அதைச் சுற்றிப் பூ கீறியிருக்கிறாள்.

விரதம்தான் இன்னும் முடியாத வழக்கு. பெருங்கதையில் இன்னும் சில நாள் மிச்சம். டொக்டர் இந்த வருடம் விரதமே வேண்டாம் என்று சொல்லி, இரவுக் குளிசையையும் நிறுத்திவிட்டார். மாமா கேட்கிறார் இல்லை. இவர் கட்டாரிலிருந்து கோயில் ஐயருக்குப் போன் எடுத்து, ஐயரைக் கொண்டு சொல்ல வைத்தார். "வருத்தக்காரருக்கு விலக்கு உண்டு, கதையை மட்டும் கேளுங்கோ" என்று ஐயர் சொன்னார். மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஐயருக்குச் சீனி வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறதாம். அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்: மூன்று நேரமும் சாப்பிடுவாராம், மரக்கறி மட்டும், விரதம் என்றுதான் ஊருக்குச் சொல்வாராம். எனக்குச் சம்மதம்.

வீட்டிலேயே சீனி பார்க்கிற மெஷின் ஒன்று கணவர் கட்டாரில் வாங்கி ஆளிடம் கொடுத்து அனுப்பப் போகிறார். இங்கே அதற்கு ஸ்ட்ரிப் எங்கே வாங்கலாம்? நகரத்தில் இரண்டு பாமசியில் கேட்டேன், இல்லை என்றார்கள்.

---

சைக்கிள்காரன் | வியாழன், இரவு 8.30

மெஷினின் பேரைச் சொல்லுங்கள் அக்கா. ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ரிப் வேறு, கட்டாரில் வாங்குவதற்கு இங்கே கிடைக்காமலே போகலாம். இன்னும் வாங்கவில்லை என்றால் நிற்கச் சொல்லுங்கள். இங்கே எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்கிறது என்று பாமசியில் முதலில் கேட்டுவிட்டு அதற்கு மெஷின் எடுங்கள். நான் நாளை அந்தப் பக்கம் போகிறேன், விலையும் கேட்டு எழுதுகிறேன்.

---

படலையடி | வியாழன், இரவு 8.41

வாங்கவில்லை. இப்பவே எடுத்துச் சொல்கிறேன்.